இடது காலும் ஒரு மில்லிமீட்டரும்

டிரைவிங் ஸ்கூல் வண்டிகள் பழகுவதற்கென்று ஊருக்கு ஊர் ஒரு மைதானம் இருக்கும். காலை வேளையில் அங்கே போய்ச் சற்று நேரம் நின்றால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப நடக்கும். சிவப்பு 'எல்' எழுத்து ஒட்டிய கார் ஸ்டார்ட் ஆகும், முன்னால் ஒரு குதி குதிக்கும், உதறிக்கொண்டு அணைந்துபோகும். பழகுகிறவர் மறுபடி சாவியைத் திருப்புவார். "மெதுவா விடுங்கம்மா, கிளட்ச மெதுவா விடுங்க" என்று பக்கத்து இருக்கையிலிருந்து குரல் வரும். எவ்வளவு மெதுவாக, எந்த இடத்தில், எதற்காக என்பதை அந்தக் குரல் சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் வண்டிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பத்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை முதல் நாளே ஒதுக்கினால், பழகுகிறவரின் பயத்தில் பாதி அங்கேயே கழன்றுவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்ஜினிலிருந்து தொடங்குவோம். மின்மோட்டாருக்கு ஒரு வசதி உண்டு: அசையாமல் நிற்கும் நிலையிலேயே அதனால் முழு வலுவோடு திருக முடியும். பெட்ரோல், டீசல் இன்ஜின்களுக்கு அது கிடையாது. சிலிண்டருக்குள் எரிபொருள் எரிந்து பிஸ்டனைத் தள்ள வேண்டுமென்றால், அதற்கு முன்பே காற்றை உள்ளே இழுத்து இறுக்கி வைத்திருக்க வேண்டும். இறுக்குவதற்கு ஆற்றல் செலவாகும். முந்தைய எரிதல் கொடுத்த சுழற்சியிலிருந்துதான் அந்தச் செலவைச் சமாளிக்க வேண்டும். ஆகவே சுற்றிக்கொண்டிருக்கும் இன்ஜின்தான் மேலும் சுற்றும்; நின்ற இன்ஜினை ஸ்டார்ட்டர் மோட்டார் வந்துதான் எழுப்பியாக வேண்டும். ஒரு எரிதலுக்கும் அடுத்த எரிதலுக்கும் நடுவே சுழற்சி தளராமல் பார்த்துக்கொள்வது ஃப்ளைவீல் என்ற கனத்த இரும்புச் சக்கரத்தின் வேலை. ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது சாதாரணக் கார் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றும். அதற்கு வெகுவாகக் கீழே இறங்கினால் அடுத்த இறுக்கத்தைத் தாண்டும் தெம்பு இராது. அணைந்துவிடும்.

இந்தப் பக்கம் 800 சுற்று, அந்தப் பக்கம் அசையாத சக்கரம். இரண்டையும் ஒரே தண்டில் கோத்துவிட முடியாது. ஒன்று இறங்கிவர வேண்டும், மற்றது ஏறிப்போக வேண்டும், அதற்குச் சற்று அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தைத் தருவதுதான் கிளட்ச்.

கணக்குப் போட்டால் இது தெளிவாகும். ஆள் எடையோடு ஆயிரம் கிலோ வரும் சின்னக் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் கியரில் இன்ஜின் 800 சுற்றில் ஓடும்போது அது மணிக்கு ஏறக்குறைய 6 கி.மீ. வேகத்தில் ஊரும். நின்ற வண்டியை அந்த வேகத்துக்குக் கொண்டுவரத் தேவைப்படும் இயக்க ஆற்றல் சுமார் 1,400 ஜூல். கிளட்ச் வழுக்கி வழுக்கி இணையும்போது, இன்ஜின் தன் வேகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், அது தரும் ஆற்றலில் சரிபாதி வண்டிக்குப் போகும், மறுபாதி வெப்பமாகும். எவ்வளவு கைதேர்ந்த ஓட்டுநராலும் இந்தப் பங்கீட்டை மாற்ற முடியாது. ஆக, இன்ஜின் கொடுக்க வேண்டியது 2,800 ஜூல். இதை இரண்டு விநாடியில் கேட்டால் 1.4 கிலோவாட், ஆக்ஸிலேட்டரைத் தொடாமலேயே எந்தச் சின்ன இன்ஜினும் அதைக் கொடுத்துவிடும். அதையே கால் விநாடியில் கேட்டால் 11 கிலோவாட் ஆகிறது. 800 சுற்றில் ஓடும் சின்ன இன்ஜினிடம் அந்தச் சக்தி கிடையாது. ஃப்ளைவீலில் இருக்கும் சேமிப்போ சில நூறு ஜூல்தான். அது தீர்ந்த கணமே இன்ஜின் நின்றுவிடும்.

அணைந்துபோன வண்டிக்கும் அலுங்காமல் கிளம்பிய வண்டிக்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டு விநாடிதான். வலுவோ துணிச்சலோ இதில் வேலை செய்வதில்லை.

அந்த இரண்டு விநாடியும் வண்டிக்குள் எந்த இடத்தில் கழிகிறது என்று பார்க்க ஆசை இருந்தால், மெக்கானிக் கடையில் கழற்றிப்போட்ட பழைய கிளட்ச் பிளேட் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சின்னக் காருடையது என்றால் குறுக்களவு 18 முதல் 20 செ.மீ. இருக்கும். நடுவில் பற்கள் வெட்டிய துளை. கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு அதில்தான் செருகிக்கொள்ளும். துளையைச் சுற்றித் தடித்த சுருள்வில்கள் சில படுத்திருக்கும். இன்ஜினின் அதிர்வை விழுங்குவது அவற்றின் வேலை. ஓரத்தில் இரண்டு பக்கமும் கரும்பழுப்பு நிற லைனிங், ரிவெட் அடித்துப் பொருத்தியது. ஓடித் தேய்ந்த பிளேட்டில் ரிவெட் தலைகள் மேற்பரப்புக்கு வந்துவிட்டிருக்கும். இப்போது பிளேட்டை ஒருக்களித்து, விளிம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இரண்டு லைனிங்குக்கும் நடுவே அலை அலையாக வளைந்த மெல்லிய எஃகுத் தகடுகள் தெரியும்.

கார் ஓட்டப் பழகுவதன் முக்கால் பங்கு அந்த அலைகளில்தான் இருக்கிறது. கிளட்ச் பெடலை விடும்போது, பல நூறு கிலோ எடைக்குச் சமமான விசையோடு பிரஷர் பிளேட் இந்தப் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து நசுக்குகிறது. நடுவில் தட்டையான தகடு மட்டும் இருந்தால் தொட்ட மாத்திரத்தில் முழுப் பிடியும் விழுந்துவிடும், எந்தக் காலாலும் அதைப் பதப்படுத்த முடியாது. அலைத்தகடு இருப்பதால் பிடி கொஞ்சங்கொஞ்சமாக ஏறுகிறது. பெடல் மேலிருந்து கீழே போகும் தூரம் 12 முதல் 15 செ.மீ. நெம்புகோல்கள் வழியாகப் போய்ப் பிரஷர் பிளேட்டை அடையும்போது அது இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதிலும் அலைகள் நசுங்கும் தூரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். கிளட்ச் "பிடிக்கிற இடம்" என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். பெடலில் அது சில சென்டிமீட்டர் தூரம். அதற்குக் கீழே எவ்வளவு வேகமாக விட்டாலும் ஒன்றும் ஆகாது, அதற்கு மேலேயும் அப்படியே. அந்த நடு இடத்தில் மட்டும் கால் நிதானிக்க வேண்டும். "மெதுவா விடுங்க" என்பதில் இந்த விவரம் இல்லாததால், பழகுகிறவர் பெடல் பயணம் முழுவதையும் ஒரே பதற்றத்தோடு மெதுவாக விட்டுக்கொண்டு வந்து, கால் வலித்துப்போய், சரியாக நிதானிக்க வேண்டிய இடத்தில் பொத்தென்று விட்டுவிடுகிறார்.

இந்த வேலை காலுக்குப் புதிது. நடக்கவும் படியேறவும் தெரிந்த கால்தான். ஆனால் எதிர்த்துத் தள்ளும் ஒரு பெடலுக்கு, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக விட்டுக்கொடுக்க அதை யாரும் பழக்கியதில்லை. மாண்ட்ரியல் நரம்பு அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு 1930களில் மூளையின் இயக்கப் பகுதியை மின்முனையால் தொட்டுத் தொட்டு வரைந்த வரைபடத்தில் கைவிரல்களுக்கும் உதட்டுக்கும் நாக்குக்கும் தாராளமான இடம் கிடைத்திருக்கிறது. பாதத்துக்குக் கிடைத்தது சிறிய இடம். அதனால்தான் குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, கணுக்காலை மட்டும் மடக்கிப் பெடலை விடச் சொல்கிறார்கள். தொடையிலிருந்து முழுக்காலையும் தூக்கி விடுவதைவிட அதில் நிதானம் அதிகம். இருக்கையை ஓர் அங்குலம் முன்னே நகர்த்தினாலே சிலருக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துபோவதன் காரணமும் இதுதான்.

நான் பரிந்துரைக்கும் முதல் பாடத்தில் ஆக்ஸிலேட்டரே கிடையாது. சமதளமான காலி மைதானம். முதல் கியர், வலது கால் பிரேக்குக்கு மேலே தயாராக. இடது கால் கிளட்சை விட்டுக்கொண்டே வரட்டும். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் இறங்கும், ஸ்டியரிங்கில் லேசான நடுக்கம் வரும், பானட் ஒரு விரற்கடை எழும்பும். அங்கே நிறுத்த வேண்டும். மறுபடி அமுக்க வேண்டும். மறுபடி விட வேண்டும். காதும் கையும் முதுகும் காலுக்குச் செய்தி சொல்லிச் சொல்லி, கால் அந்த இடத்தைத் தானே கண்டுபிடிக்கும். பிறகு அங்கேயே ஒரு விநாடி வைத்திருந்தால் வண்டி ஊர ஆரம்பித்துவிடும். இன்றைய கார்களில் இன்ஜின் தளரும்போது கம்ப்யூட்டரே கூடுதல் எரிபொருள் விட்டுக் காப்பாற்றுகிறது. கார்புரேட்டர் காலத்து வண்டிகளுக்கு அந்த உதவி கிடையாது, ஆக்ஸிலேட்டர் கொடுத்தே ஆக வேண்டும். அந்தக் காலத்தில் பழகியவர்கள் இன்றும் முதல் நாளிலேயே இரண்டு கால்களையும் சேர்த்து வேலை வாங்குகிறார்கள். ஒரு புது வேலை போதும் என்ற இடத்தில் இரண்டைக் கொடுக்கிறார்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், புதியவரின் கவனம் மிகக் குறைந்த முதல் என்பதுதான். இஸ்ரேலில் டேவிட் ஷினார் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1998இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கியரை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும் நகர மையச் சாலைகளில் புதிய ஓட்டுநர்களையும் அனுபவசாலிகளையும் ஓட்டவிட்டார்கள். சிலருக்கு மேனுவல் கியர் வண்டி, சிலருக்கு ஆட்டோமேட்டிக். வழியில் உள்ள சாலைப் பலகைகளை யார் எவ்வளவு கவனிக்கிறார்கள் என்பது சோதனை. அனுபவசாலிகளிடம் இரண்டு வகை வண்டிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. புதியவர்களில் மேனுவல் ஓட்டியவர்கள், ஆட்டோமேட்டிக் ஓட்டிய புதியவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைவாகவே பலகைகளைக் கண்டார்கள். கண் சாலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும். பார்த்ததைப் பதிவு செய்யவேண்டிய கவனத்தைக் கிளட்சும் கியரும் தின்றுவிட்டன.

பலகையைத் தவறவிடுகிற அதே கவனம்தான் சைக்கிளில் குறுக்கே வரும் பையனையும் தவறவிடும். நம் ஊரில் பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளே பழகுகிறவரைப் பேருந்து போகும் சாலைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். பயிற்சி வண்டியில் சொல்லித்தருபவரின் பக்கமும் கிளட்சும் பிரேக்கும் இருக்கும். வண்டி அணைந்து பின்னால் ஹாரன் அடிக்காமல் இருக்க, பல சமயம் அவர் தன் காலாலேயே கிளட்சைச் சமாளித்துக்கொள்கிறார். பழகுகிறவர் ஸ்டியரிங் பிடித்து ஊர் சுற்றி வருகிறார். ஓட்டுகிறோம் என்ற மகிழ்ச்சி கிடைக்கிறது, இடது காலுக்கு மட்டும் பாடமே நடக்கவில்லை. பிறகு சொந்த வண்டியைத் தனியாக எடுக்கும் நாளில் அது தெரியவருகிறது. அவசரகாலப் பிரேக்குக்காகத்தான் அந்த இரட்டைப் பெடல். கிளட்சைப் பொறுத்தவரை சொல்லித்தருபவரின் கால் தரையில் இருக்க வேண்டும். வண்டி அணையட்டும். ஒவ்வொரு அணைதலும் காலுக்கு ஒரு தகவல்.

இந்தத் தகவல்கள் மூளையில் சேரும் இடமும் தனி. மூளை அறுவைக்குப் பிறகு புதிய நினைவுகள் எதுவும் தங்காமல்போன ஹென்றி மொலேசன் என்பவரை கனடாவின் பிரெண்டா மில்னர் ஆராய்ந்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திர வடிவத்தைப் பென்சிலால் வரையும் வேலையில் மொலேசன் நாளுக்கு நாள் தேறிவந்தார். ஆனால் அந்த வேலையை முன்பு செய்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. 1962இல் மில்னர் இதை வெளியிட்ட பிறகு, உடல் கற்கும் நினைவு வேறு, சொல்லக்கூடிய நினைவு வேறு என்பது நிலைபெற்றது. கிளட்ச் முதல் வகையைச் சேர்ந்தது. முப்பது ஆண்டு ஓட்டியவரிடம் "எந்த இடத்தில் விடுகிறீர்கள்?" என்று கேட்டால் யோசிப்பார், பிறகு காற்றில் காலை அசைத்துக் காட்டுவார். அவரே முதல்முறை ஆட்டோமேட்டிக் காரில் ஏறினால், சிக்னலில் இல்லாத கிளட்சைத் தேடி இடது கால் அகலமான பிரேக் பெடலை மிதித்துவிடும், உள்ளே எல்லாரும் முன்னால் சாய்வார்கள்.

கிளம்பியாயிற்று என்றால் மிச்சம் கியர்தான், அது இவ்வளவு கஷ்டமில்லை. சின்னக் கார்களில் முதல் கியரில் சக்கரம் ஒருமுறை சுற்ற இன்ஜின் ஏறக்குறைய 14 முறை சுற்றும், ஐந்தாவதில் மூன்று முறை. முதல் கியரில் வலு அதிகம், வேகம் இல்லை. ஐந்தாவதில் 3,000 சுற்றுக்கு மணிக்கு 100 கி.மீ. வந்துவிடும், ஏற்றத்தில் இழுக்கத் தெம்பு இருக்காது. எப்போது மாற்றுவது என்பதைக் காதுதான் சொல்லும். வண்டி அலறினால் மேல் கியர், முக்கினால் கீழ் கியர்.

கியர் மாற்றும்போது நியூட்ரலில் ஒரு நொடிப்பொழுது தயங்கிச் செல்லச் சொல்வதற்கு ஒரு வரலாறே உண்டு. ஆரம்பகாலக் கார்களில் பற்சக்கரங்களையே நகர்த்தி ஒன்றோடொன்று கோக்க வேண்டும். வேகம் ஒத்துவராவிட்டால் பற்கள் உரசி அலறும். அதற்காகத்தான் பழைய லாரி ஓட்டுநர்கள் நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு, மறுபடி அமுக்கி, "டபுள் கிளட்ச்" அடித்தார்கள். அமெரிக்காவில் ஏர்ல் தாம்ப்சன் உருவாக்கிய சிங்க்ரோமெஷ் அமைப்பு 1928இல் கேடிலாக் காரில் வந்தது. கியர் கோப்பதற்கு முன், கூம்பு வடிவ வளையம் ஒன்று பற்சக்கரத்தின் மேல் உரசி அதன் வேகத்தைச் சமன் செய்யும். சமன் ஆகும்வரை வழிவிடாது. கியர் லிவரில் நாம் உணரும் அந்தச் சின்னத் தடுப்பு இந்த வளையம்தான். குத்தித் தள்ளாமல், இரண்டு விரல் அழுத்தத்தோடு காத்திருந்தால் அது தானே வழிவிட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ரிவர்ஸ் கியருக்கு மட்டும் பல கார்களில் இந்தச் சலுகை கிடையாது. நின்ற பிறகுதான் அதைப் போடுவார்கள் என்ற கணக்கில், நேராக வெட்டிய பற்களோடு பழைய முறையிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். பின்னால் எடுக்கும்போது வண்டி ஊளையிடுவதும் அந்த நேர்வெட்டுப் பற்களால்தான். முன் கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டியவை, அவை சத்தமில்லாமல் ஓடும். கிளட்சை அமுக்கிய பிறகும் கியர்பாக்ஸின் உள்தண்டு ஓரிரு விநாடி சுற்றிக்கொண்டிருக்கும். அது நிற்கும்வரை பொறுத்துப் போட்டால் 'கர்ர்' என்ற சத்தம் வராது.

அடுத்தது ஏற்றம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 15ஆம் விதி, ஓட்டுநர் உரிமத் தேர்வில் செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்பிக் காட்ட வேண்டும் என்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்ச் பிடிக்கிற இடத்துக்குக் கொண்டுவந்து, பானட் எழும்புவதைப் பார்த்தபின் ஹேண்ட் பிரேக்கை இறக்குவது நேர்வழி. பலர் செய்வது வேறு: ஹாஃப் கிளட்சிலேயே, அதாவது கிளட்சைப் பாதி விட்ட நிலையிலேயே, வண்டியை ஏற்றத்தில் தாங்கி நிற்கிறார்கள். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில் ஆயிரம் கிலோ காரை இன்ஜின் 1,500 சுற்றில் இப்படித் தாங்கி நின்றால், கிளட்ச் பிளேட்டில் மட்டும் சுமார் 3 கிலோவாட் வெப்பம் உண்டாகிறது. குளியலறை கீசர் ஒன்றின் முழுச் சக்தி, ஏறக்குறைய ஒரு சாண் அகலமுள்ள ஒரு தட்டில். தீய்ந்த வாடை அதனால்தான் வருகிறது. கிளட்ச் வண்டியைக் கிளப்புவதற்கு. நிறுத்தி வைப்பதற்குப் பிரேக் இருக்கிறது.

இறக்கத்தில் கியரின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். சில கிலோமீட்டர்களிலேயே ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். 1,200 கிலோ எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 12 மெகாஜூல் ஆற்றலை எங்காவது கொட்டியாக வேண்டும். அதே கீசர் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் தரும் வெப்பம் அது. முழுவதையும் பிரேக் தலையில் கட்டினால் அது பழுக்கக் காய்ந்து பிடிமானத்தை இழக்கும், மிதித்தாலும் வண்டி நிற்காது. இரண்டாவது கியரில் இறங்கினால் சக்கரங்கள் இன்ஜினைச் சுற்ற வேண்டியிருக்கிறது. உராய்வும், காற்று வரும் வழியை மூடிய வால்வுக்கு எதிராகக் காற்றை இழுக்கும் வேலையும் பெரும்பங்கு ஆற்றலைத் தின்றுவிடும். அந்த மலைப்பாதையில் கீழ் கியரில் இறங்கச் சொல்லும் பலகைகள் உயிர் காக்கும் பலகைகள்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்குபவர்கள் இன்றும் உண்டு. தயவுசெய்து அதைக் கைவிடுங்கள். இன்றைய இன்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கினால் கம்ப்யூட்டர் எரிபொருளை முற்றிலும் நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் செலவாகிறது. மிச்சமும் இல்லை, பிடிமானமும் இல்லை.

2014இல் மாருதி செலெரியோ காரோடு ஏஎம்டி என்ற குறைந்த விலைத் தானியங்கி கியர் அமைப்பு நம் நாட்டுக்கு வந்தபோது கிளட்ச் பெடல் மறைந்தது, கிளட்ச் மறையவில்லை. அதே பிளேட், அதே கியர்பாக்ஸ். காலுக்குப் பதில் ஒரு மின்னணுக் கட்டுப்பாடு அவற்றை இயக்குகிறது. அந்தக் கம்ப்யூட்டருக்கும் பிடிக்கிற இடம் எது என்று தெரிந்தாக வேண்டும். லைனிங் தேயத் தேய அந்த இடம் நகரும், அதை அது அளந்து திருத்திக்கொண்டே வரும். புது கிளட்ச் பிளேட் போட்டால் மெக்கானிக் கருவியை மாட்டி அதற்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. மனிதருக்கும் இதே விதிதான். தெரிந்தவர் காரையோ வாடகைக் காரையோ வாங்கும்போது, தெருவுக்கு இறங்குவதற்கு முன் சமதளத்தில் நிறுத்தி, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், அந்த வண்டியின் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று ஐந்தாறு முறை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கால் அதற்குள் கணக்கைப் போட்டுவிடும்.